கண்டதை எழுதலும் வாழ்ந்ததை எழுதலும்

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எனக்கு அளிக்கப்பெற்ற விஷயம் இரண்டு பணிகளைப் பற்றியது. சிறியோர், பெரியோர் என்ற பேதமின்றி எல்லா வயதினரையும் காட்டுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்று இயற்கையைக் கற்பிப்பது ஒன்று. அதே மனிதர்களை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, அவரவர் ஜீவிய சரித்திரத்தை அவரவரே எழுதும்படி செய்வது மற்றொன்று. முன்னதை விஞ்ஞான ஆசிரியருக்கும் பின்னதை இலக்கியக்காரருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பல காலமாக இவ்விரு வகைப் பயிலரங்குகளையும் நடத்தி வருகிறவன் என்ற முறையில், இந்தப் பங்கீடு சரியன்று என்பதே என் அபிப்பிராயம். ஒரு மரத்தை உள்ளபடி பார்க்கப் பழகாதவருக்குத் தம் வாழ்க்கையை உள்ளபடி சொல்லவும் வருவதில்லை. இரண்டையும் கெடுக்கும் குற்றம் ஒன்றே, அது பொதுப்படப் பேசுவது. ‘அழகான மரம்’ என்று எழுதுகிற சிறுவனும், ‘கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தேன்’ என்று எழுதுகிற பெரியவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவர் எழுத்திலும் மரமும் இல்லை, மனிதனும் இல்லை.

இந்த ஒருமைப்பாடு நமக்குப் புதியதும் அன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கும்பொருட்டுக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது பழைய குறிப்பு. 261 அடிகளையுடைய அந்தப் பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன என்பதை நம் மாணவர்கள் பரீட்சைக்காகப் படித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பூக்கள் எந்த இடத்தில் வருகின்றன என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துக் காட்டுவதில்லை. தலைவியின் வாட்டம் கண்டு கலங்கிய செவிலித்தாயிடம், தினைப்புனத்திலே நடந்தது என்ன என்பதை ஆதி முதல் அந்தம் வரை தோழி எடுத்துரைக்கிறாள். அந்த விருத்தாந்தத்தின் நடுவிலேதான், சுனையாடிய பெண்கள் பறித்துப் பாறையில் குவித்த மலர்கள் பெயர் பெயராக வந்து நிற்கின்றன. நடந்ததை நம்பும்படி சொல்ல வேண்டுமானால் நடந்த இடத்தில் என்ன பூத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று அப்புலவர் கருதியிருக்க வேண்டும். ஓர் அந்நியனுக்கு மொழியையும் வாழ்வையும் ஒருங்கே கற்பிக்க அவர் தேர்ந்துகொண்ட பாடத்திட்டம் அது. இன்றைய பயிலரங்கு எதற்கும் அதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் கண்டதில்லை.

இந்த நாட்டுக்கே உரிய ஓர் உதாரணமும் உண்டு. மலாய் மொழியில் தன்வரலாறு என்னும் துறைக்கு வழிகாட்டிய ‘ஹிக்காயத் அப்துல்லா’வை எழுதிய முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் அரபு, தமிழ் இரத்தக் கலப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர், கணக்கு வழக்குக்கும் வியாபாரிகளோடு சம்பாஷிப்பதற்கும் பயன்படும் என்று தந்தையார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1843இல் எழுதி முடிக்கப்பெற்று 1849இல் அச்சேறிய அந்நூலில், ஆங்கில அதிகாரி ராபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது ஆட்களை வேலைக்கு அமர்த்தி, இலையும் பூவும் காளானும் தேட ஒருவர், புழுக்களும் வெட்டுக்கிளிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பிடிக்க ஒருவர், சங்கும் சிப்பியும் பவளமும் சேகரிக்க ஒருவர், காட்டு விலங்குகளையும் பறவைகளையும் கொண்டுவர ஒருவர் என வேலையைப் பகுத்துக் கொடுத்த செய்தி வருகிறது. புதிதாக எழுந்த சிங்கப்பூரில் எலிகளும் பூரான்களும் பெருகி மக்களைப் படுத்திய பாடும் வருகிறது. தம் கதையைச் சொல்லப் புகுந்த மனிதர் எலியையும் பூரானையும் தள்ளிவிடாமல் உடன் எழுதியதால் அல்லவா, அக்காலத்து வாழ்வு நமக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது?

இனி நம் தீவுக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை புன்னை மரங்கள் செறிந்திருந்த கடற்கரை. கருங்கல் வெட்டியெடுத்த பள்ளத்தாக்கு ஒன்றை 1884 முதல் சார்லஸ் கர்ட்டிஸ் தாவரவியல் பூங்காவாக மாற்றினார். பினாங்கு மலையையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டர் பரப்பை யுனெஸ்கோ 2021 செப்டம்பரில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தீவுக்கு அக்கரையிலே, நிபோங் திபால் பக்கத்தில், கரையோர மீனவர்களின் நலச் சங்கத்தார் அலையாத்திக் காட்டைத் தாங்களே நட்டு வளர்த்து, அங்கே கல்வி நிலையம் ஒன்றும் அமைத்து, பள்ளிப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கிக் கன்று நடப் பழக்குகிறார்கள். தெலுக் பஹாங்கில், சாலையைக் கடக்கையில் வாகனங்களில் அடிபடும் கருங்குரங்குகளுக்காக, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரத்துக்கு மரம் ஒரு தொங்குபாலத்தை 2019இல் கட்டினார்கள். அக்குரங்குகளின் நடமாட்டத்தை மாணவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றோரும் கூடிக் குறித்து வைக்கிறார்கள். 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கமோ இவர்களுக்கெல்லாம் மூத்தது. ஆக, இயற்கைக் கல்விக்கு இங்கே இடமும் குறைவில்லை, ஆசிரியரும் குறைவில்லை.

ஆனால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கால்நடையாகச் செல்லும் நம்மவரில், அருகிலுள்ள அந்தத் தாவரவியல் பூங்காவின் வாசல் வரை வந்து திரும்புகிறவர்களில், உள்ளே நிற்கும் நாகலிங்க மரத்தடியில் ஒரு கால் மணி நேரமாவது சும்மா அமர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? சாலையோரத்தில் மஞ்சள் பூவாய்ச் சொரிந்து நிற்கும் அங்சானா மரம், நம் முன்னோர் பாடிய வேங்கைக்கு நெருங்கிய உறவு என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? இக்கேள்வியை நான் குறை கூறுவதற்காகக் கேட்கவில்லை. இதற்கு விடை தெரிந்தவர்கள் நம்மிடையே உண்டு, அவர்களை நாம் கேட்கவில்லை என்பதற்காகக் கேட்கிறேன்.

அப்படிக் கேட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுகிறேன். செபராங் பிறையில் நடந்த ஒரு பயிலரங்கில், தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே மூத்த ஒரு பாட்டியாரின் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எழுத உட்கார்த்தியிருந்தோம். “பாட்டி, உங்க வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்க” என்று அவன் பணிவாகக் கேட்டான். அவரோ, “என்னாய்யா இருக்கு சொல்ல? பொறந்தோம், பால்மரம் வெட்டினோம், பிள்ளைங்களைக் கட்டிக் குடுத்தோம்” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். மூன்றே வாக்கியத்தில் ஓர் ஆயுள் முடிந்துவிட்டது. பையன் விழித்தான். பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவன் ஒன்று கேட்டான்: “விடியறதுக்கு முன்னாடி இருட்டுல எப்படிப் பாட்டி வெட்டுவீங்க?” அவ்வளவுதான். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்தது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனது, பழைய வெட்டு ஆறிப் பட்டை திரும்ப வளர்ந்த மேடு பள்ளத்தை விரலால் தடவியே கத்தி வைக்கும் இடம் கண்டுபிடித்தது, மரத்தில் ஆழ வெட்டிக் காயப்படுத்தினால் கங்காணியிடம் ஏச்சு வாங்கியது, மழை தூறினால் மங்குக் கிண்ணத்தில் பால் நிற்காமல் அன்றைய சம்பளம் போனது, பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டு வந்த கவலை என, நிறுத்த முடியாமல் பொழுது சாயும் வரை பேசினார். பையனுக்குக் கை வலித்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் எனக்குக் கிடைத்தன. வாழ்க்கையைக் கேட்டால் வாழ்க்கை வருவதில்லை, மரத்தைக் கேட்டால் வாழ்க்கை வருகிறது என்பது ஒன்று. அந்தப் பாட்டியாரிடம் இருந்தது வெறும் ஞாபகம் மட்டும் அன்று, தாவர சாஸ்திரமும்கூட என்பது மற்றொன்று. வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடுகிறது, வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழப்பதால் அவ்வழுத்தம் தணிந்து ஓட்டம் குறைகிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். ரப்பர் மரத்தைச் சாகாமல் வெட்டும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் ஆராய்ந்து வகுத்த ரிட்லியின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்த முறையை நாள்தோறும் இருட்டில் விரல் நுனியால் நிறைவேற்றிய ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பத்து காவான் போன்ற இடங்களில் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. மரம் போன பிறகு, மரத்தை அறிந்த கையும் போய்விட்டால், இரண்டையும் மீட்க வழியில்லை.

எழுதாமல் விட்டதனால் வரும் நஷ்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு கொடிய சாட்சி உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை போட்டபோது, நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். அவர்களிலும் தொகையில் மிகுந்த ஆசியத் தொழிலாளரும் வேலை செய்தார்கள், அத்தொழிலாளரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஒரு பெரும் பகுதியினர். போர்க்கைதிகள் காவலர் கண்ணில் படாமல் நாட்குறிப்பு எழுதினார்கள், விடுதலைக்குப் பின் நினைவு நூல்கள் எழுதினார்கள். அவை அலமாரி அலமாரியாக நிற்கின்றன. நம்மவர் பட்ட பாட்டுக்கு, ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதி 1993இல் வெளியிட ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. காட்டிலே பேதிக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மீண்டவர்கள் மௌனமாக இருந்தார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் மனைவி மக்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், பக்கத்தில் காகிதத்தோடு அமர ஒருவர் இல்லை என்பதே உண்மை.

ஆகவே நம் பயிலரங்குக்கு முதல் விதி, வயதால் பிரிக்காமல் வயதைச் சேர்ப்பது. எழுதத் தெரிந்த கை இளையோரிடம் இருக்கிறது. எழுதத் தகுந்த விஷயம் முதியோரிடம் இருக்கிறது. காலையில் இருவரையும் ஒரு மரத்தடிக்கு அழைத்துச் செல்கிறோம். கால் மணி நேரம் பேச்சில்லை. பிறகு கண்டது, கேட்டது, முகர்ந்தது மூன்றையும் எழுத வேண்டும்; அழகு, இனிமை, பசுமை என்னும் சொற்களுக்கு அன்று விடுமுறை. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பறிக்காமல், உதிர்ந்தவற்றை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்துவார்கள். பள்ளிப் பிள்ளைகள் மரத்தை வரைந்து, எறும்பு ஏறும் வழியையும் பறவை அமரும் கிளையையும் குறிப்பார்கள். இளைஞர்கள் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். ஆனால் பதிந்ததைத் தம் கையால் எழுதியாக வேண்டும், ஏனெனில் எழுதும்போதுதான் காது இரண்டாம் முறை திறக்கிறது. நடுவயதினர்தாம் வருவதற்கு மிகவும் தயங்குகிறவர்கள்; அவர்களுக்கு நேரமில்லை. அவர்களைப் பிள்ளைக்குத் துணையாக வரச் சொல்லி, வந்தபின் ஒரு பென்சிலைக் கையில் கொடுத்துவிடுவது என் தந்திரம்.

பிற்பகலில் நிழலில் அமர்ந்து, சிறிய கேள்விகள் கேட்கிறோம். நீங்கள் குழந்தையாக இருந்த வீட்டு வாசலில் என்ன மரம் நின்றது? தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து ராஜுலா கப்பலில் வந்த உங்கள் தாத்தா ஊரிலிருந்து விதையோ நாற்றோ எதையேனும் கொண்டுவந்தாரா? மழைக்கு முன் என்ன வாசனை வரும்? விடையைச் சிறியவர் எழுதி, உரக்கப் படித்துக் காட்ட, பெரியவர் திருத்துகிறார். பேசிய தமிழ் பேசியபடியே இருக்க வேண்டும். லயத்தை ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்று மாற்றுகிற பிள்ளைக்கு இலக்கணத்தில் மதிப்பெண் கிடைக்கலாம், எங்களிடம் கிடைக்காது. சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி ஒருவரையும் வற்புறுத்துவதில்லை. சொன்ன பிறகு எழுத வேண்டாம் என்றால் அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுகிறோம். துயரம் வெளிப்படும்போது நடத்துகிறவர் ஆறுதல் பிரசங்கம் செய்யாமல் சற்று நேரம் உடனிருப்பதே போதும்.

முதியோரின் பழைய நினைவு வெறும் புலம்பல் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் கருதியது. ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் எழுதிய கட்டுரையில், அது முதுமையில் மனம் தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் இயல்பான காரியம் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஜேம்ஸ் பிரன் என்பவர், வாரம் ஒரு பொருளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிச் சிறு குழுவில் படித்துக் காட்டும் முறையை வகுத்தார். அந்த முறையில் எனக்குப் பிடித்தது, படித்துக் காட்டுவது. பிறர் செவியில் விழுந்த பிறகே ஒருவருக்குத் தம் வாழ்வு கேட்கத் தகுந்தது என்னும் நம்பிக்கை பிறக்கிறது.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 1950இல் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகையே கரும்பலகையாக, தோட்டப்புறத்து இளைஞர்கள் பாடம் படித்துக் கதை எழுதி அனுப்பினார்கள், மலாயாத் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு தலைமுறை எழுத்தாளர் கிடைத்தனர். இந்த ஜார்ஜ் டவுனிலேயே, வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000ஆம் ஆண்டு முதல் பழைய குடும்பங்கள் நகரத்தை விட்டுப் பெயர்ந்துகொண்டிருந்த வேளையில், ஜானட் பிள்ளை தொடங்கிய ‘ஆர்ட்ஸ்-எட்’ அமைப்பினர் பிள்ளைகளைத் தெருத் தெருவாக அழைத்துச் சென்று, கைவினைஞர்களையும் கடைக்காரர்களையும் பேட்டி காண வைத்தார்கள். 2008இல் கட்டடங்களுக்கு உலகப் பாரம்பரியச் சிறப்புக் கிடைத்தது. அக்கட்டடங்களில் வாழ்ந்தோரின் பேச்சைக் காத்தவர்களில் அப்பிள்ளைகளும் உண்டு.

இங்கே விஷயம் அறிந்தவர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். ஞாபகம் பிசகும், கிழவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் சரித்திரம் ஆகுமா? நியாயமான கேள்வி. இதற்கு இயற்கைக் கல்வியே விடை தருகிறது. ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று ரப்பர் மரங்களெல்லாம் இலையுதிர்ந்து மொட்டையாக நின்றன என்று ஒரு பெரியவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானியர் இந்நகரின் மேல் குண்டு வீசியது 1941 டிசம்பர் 11. ரப்பர் இலை உதிர்வதோ பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். உடனே அவர் பொய் சொல்கிறார் என்று தள்ளிவிடலாமா? 1945இன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்களும் பினாங்கின் மேல் குண்டு வீசின. பெரியவர் கண்டது உண்மை, வீசியவர் யார் என்பதில்தான் மயக்கம். மரத்தை அவர் மறக்காததனால் நமக்கு ஆண்டு கிடைத்தது. இலையும் பூவும் மழையும் காற்றும் கலந்த நினைவு, தேதி எழுதாத சாட்சியத்துக்குத் தேதி இடுகிறது. ஆகையால்தான் இரண்டு வகுப்புகளையும் பிரிக்கலாகாது என்கிறேன்.

இனி ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய நம் கல்வி இருநூறு ஆண்டைக் கடந்துவிட்டது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் வளவிலோ அருகிலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் அதைப் பிள்ளைகள் கவனித்து எழுதட்டும். அம்மரத்தடிக்கு மாதம் ஒரு முதியவரை அழைத்து அவர் கதையைக் கேட்டு எழுதட்டும். பெயர், ஊர், நாள் மூன்றும் தவறாமல் குறித்து, ஒரு படியை அக்குடும்பத்துக்கும் ஒரு படியைப் பள்ளி நூலகத்துக்கும் கொடுக்கட்டும். இதற்கு மானியம் வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை; ஒரு கோரைப்பாயும் சில நோட்டுப் புத்தகங்களும் போதும். பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். கண்டதைக் கண்டபடி ஒரு வாக்கியம் எழுதக் கற்ற பிள்ளைக்கு எந்தக் கட்டுரை வினாவும் கடினம் அன்று என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

காலம் பார்த்துத் தொடங்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 1941இல் எட்டு வயதாக இருந்த குழந்தைக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. அத்தகையவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல், இந்தச் சனிக்கிழமையே ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், முதலில் அவர் வீட்டு வாசலில் நின்ற மரத்தைப் பற்றிக் கேளுங்கள்.